லித்தியம் இருந்தால் விழுங்கியதாக அர்த்தமா?

சிவப்பு ராட்சத விண்மீன் ஒன்றில் லித்தியம் மிகுந்து தென்பட்டால், தன்னைச் சுற்றிவந்த கோளையோ பழுப்புக் குள்ளனையோ அது விழுங்கிவிட்டது என்ற விளக்கம் அறிவியல் கட்டுரைகளில் நெடுநாளாக உலவுகிறது. கண்முன் காட்சியாக விரிவதால் மனத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம் அது. ஆனால் பொதுவிதியாக அது செல்லாது. அதைக் காட்டியதில் பெங்களூரு கோரமங்கலாவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. பழுப்புக் குள்ளன் பருமனில் ஏறக்குறைய வியாழன்தான்; எடையோ வியாழனைப்போல் 13 மடங்கிலிருந்து 80 மடங்குவரை இருக்கும். ஏறத்தாழ 65 மடங்குக்குக் கீழிருந்தால், லித்தியத்தை எரிக்கும் அளவுக்கு அதன் உள்வெப்பம் ஏறாது. பிறக்கும்போது கிடைத்த லித்தியம் அப்படியே தங்கிவிடும். சூரியன் போன்ற விண்மீனின் கதை வேறு. முதுமையில் அது ஊதிப் பெருக்கும்போது மேற்பரப்பு வாயு ஆழத்துக்குப் போய்வருகிறது, லித்தியம் கரைந்து குறைகிறது. குறைந்திருக்க வேண்டிய ராட்சதர்களில் நூற்றில் ஒன்று மட்டும் லித்தியம் நிறைந்து நிற்கிறது என்றால், வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது இயல்பே. ராட்சதர்களுக்கு அப்படிப்பட்ட துணைகள் இருப்பதும் உண்மை. 11 கோமே என்ற ராட்சத விண்மீனை, வியாழனைப்போல் குறைந்தது 19 மடங்கு எடையுள்ள ஒன்று சுமார் 326 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக 2008இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கிறது. 20 வியாழன் எடை என்பது சூரியனில் ஐம்பதில் ஒரு பங்குதான். ராட்சதனின் கொதித்துக் கலங்கும் மேலடுக்கோ சூரியனில் பாதிக்குமேல் எடை கொண்டிருக்கக்கூடும். அதில் கலந்தால் லித்தியம் நீர்த்துத்தான் போகும். தண்ணீரில் பாலை ஊற்றினால், கலவை ஊற்றிய பாலைவிடக் கெட்டியாகுமா? பழுப்புக் குள்ளனிடம் இருப்பது பிறந்த வாயுமேகத்தின் விகிதம் மட்டுமே. சில ராட்சதர்களிலோ அந்த விகிதத்தையும் மிஞ்சிய லித்தியம் இருக்கிறது. அதை விழுங்கிப் பெற வழியே இல்லை. அங்கேயே உண்டாகியிருக்க வேண்டும்.

எப்போது உண்டாகிறது? இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பரத் குமாரும் ஈஸ்வர் ரெட்டியும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் லாம்பர்ட்டும் சுமார் 2000 ராட்சதர்களை ஆராய்ந்து, லித்தியம் மிகுந்தவை பெரும்பாலும் மையத்தில் ஹீலியம் பற்றிக்கொண்ட பிந்தைய பருவத்தில் குவிந்திருப்பதை 2011இல் சுட்டிக்காட்டினார்கள். 2020இல் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் வெளியான ஆய்வு இன்னும் தூரம் போனது. ஆஸ்திரேலியாவின் காலா கணக்கெடுப்பில் கிடைத்த ஏராளமான விண்மீன்களை ஒப்பிட்டதில், ஹீலியம் பற்றுவதற்குச் சற்று முன்பிருந்ததைவிட, பற்றியபின் லித்தியம் சராசரியாக 40 மடங்கு கூடியிருந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றில் மட்டுமல்ல, அந்தப் பருவத்து எடைகுறைந்த விண்மீன்களில் பொதுவாகவே. விழுங்குதல்தான் காரணமென்றால், ஊதிப் பெருக்கும் பருவத்திலேயே தடயம் தெரிய வேண்டும். அதோடு, சூரியன் போன்ற விண்மீன்களுக்கு அருகே பழுப்புக் குள்ளன்கள் மிக அரிது. அரிதாக நிகழ்வதை எங்கும் காணப்படும் விளைவுக்குக் காரணமாக்க முடியாது.

உண்டான லித்தியம் எரிந்துபோகாமல் மேலே வருவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஹீலியம் பற்றும் கணத்தில் பெரிலியம் பிறந்து, குளிர்ந்த அடுக்குக்கு ஏறியபின் லித்தியமாக மாறுகிறது என்பது முன்வைக்கப்படும் வழி. விழுங்குதல் நடக்கவே நடக்காதா என்றால், நடக்கிறது. ஒரு விண்மீன் தன் கோளை உள்வாங்கிய நிகழ்வு 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் உள்ளே போனதெல்லாம் கரைந்துவிடுவதுமில்லை. 2006இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூடி 0137-349 ஓர் இரட்டை. அதிலுள்ள பழுப்புக் குள்ளன், வியாழனைப்போல் 50 மடங்குக்குமேல் எடையுள்ளது. ராட்சதனின் மேலடுக்குக்குள் சிக்கியும் பிழைத்து, எஞ்சிய வெண்குள்ளனை இப்போது 116 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது.

விழுங்குதல் என்ற விளக்கத்துக்கு இன்னும் இடமிருப்பது, ஹீலியம் பற்றுமுன்னரே லித்தியம் கூடியிருக்கும் சில ராட்சதர்களில்தான். அவற்றிலும் லித்தியத்தின் அளவு பிறப்பு விகிதத்துக்குள் அடங்குகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.