இதயத்தமனி நோயை முன்னறிய மீயொலி

மாரடைப்பு முன்னறிவிப்பின்றி வருவதாகவே மக்களுள் பலர் கருதுகின்றனர். ஆனால் அதற்குக் காரணமான நோய், இதயத் தசைக்கு இரத்தம் வழங்கும் தமனிகளின் உட்சுவரில் பல்லாண்டுகளாக வளர்ந்து வந்திருக்கும். சுவரில் கொழுப்பு படிகிறது, சுவர் தடிக்கிறது, குழாயின் வழி குறுகுகிறது. வழியின் பெரும்பகுதி அடைபட்ட பின்னரே நடக்கும்போதும் படியேறும்போதும் நெஞ்சுவலி தோன்றும். சிலருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் நிகழும் இறப்புகளுள் இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேர்பவை 1990-இல் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்தன. 2016-இல் 28 விழுக்காடாக உயர்ந்தன. 52 நாடுகளில் நடைபெற்ற இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு நேரும் இடைநிலை வயது 53. பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59. குடும்பத்தின் பொறுப்பு முழுவதும் தோளில் இருக்கும் வயது இது. எனவே வலிக்கு முந்திய நீண்ட காலத்திலேயே நோயைக் கண்டுகொள்ள மீயொலி எவ்வளவு உதவும் என்பது ஆராயத்தக்கது.

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதச் செவிக்குக் கேளாது; அதுவே மீயொலி. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் பிறப்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் அப்படிகம் அதிர்ந்து ஒலி எழுப்பும். மருத்துவர் உடலின் மேல் வைக்கும் கருவித்தலை இவ்விரு வேலைகளையும் மாறி மாறிச் செய்கிறது. திசுக்களில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப நொடியின் பத்து இலட்சத்தில் 13 பங்கு நேரம் போதும். இந்த நேரக் கணக்கிலிருந்தே படம் உருவாகிறது. உலோகத்தின் உள்ளே மறைந்த விரிசல்களைக் காட்டும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டே, சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் 1953-இல் இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்தனர். இன்று மக்கள் 'எக்கோ' என்று வழங்கும் சோதனை இதன் வழித்தோன்றலே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 'எக்கோ எடுத்தேன், நன்றாக இருக்கிறது. ஆகவே அடைப்பு இல்லை' என்று சொல்வோர் பலர். ஓய்வு நிலையில் எடுக்கும் எக்கோ இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் தசையின் அசைவையும் காட்டுமேயன்றி, தமனியில் உள்ள அடைப்பைக் காட்டாது. அத்தமனிகள் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையவை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தோடு சேர்ந்து அசைபவை. விலா எலும்பும் காற்று நிறைந்த நுரையீரலும் ஒலியை மறிக்கின்றன. கடுமையான அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் எடுத்த எக்கோ இயல்பாகவே இருக்கக்கூடும்.

ஆகவே நோயை மறைமுகமாகவே தேட வேண்டும். ஒரு வழி, இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பது. தமனியைக் கட்டி இரத்தத்தை நிறுத்தினால் அப்பகுதித் தசை உடனே சுருங்கும் ஆற்றலை இழப்பதை டென்னன்ட், விக்கர்ஸ் என்போர் 1935-இல் விலங்குச் சோதனையில் காட்டினர். அதே நெறியில், நோயாளியை ஓடுபொறியில் நடக்கச் செய்தோ, டோபுடமின் என்னும் மருந்தைச் செலுத்தியோ இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்து, எந்தச் சுவர் தளர்கிறது என்று பார்க்கின்றனர். வலி தோன்றுவதற்கும் மின்வரைபடம் மாறுவதற்கும் முன்னரே இத்தளர்ச்சி தெரியும். ஆயினும் இச்சோதனை, இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு முற்றிய அடைப்பையே காட்டும். மிகுதியாக அடைக்காத படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து மாரடைப்பு நேர்வதும் உண்டு. அவ்வகைப் படிவை இது காட்டாது.

மற்றொரு வழி கழுத்தில் இருக்கிறது. தமனித் தடிப்பு ஓரிடத்து நோயன்று. உடலின் பெருந்தமனிகள் பலவற்றையும் பற்றுவது. கழுத்துத் தமனி தோலுக்கு அண்மையில் அமைந்து, அகலமாகவும் பெரிதும் அசையாமலும் இருப்பதால், உயர் அதிர்வெண் கருவித்தலையால் அதன் சுவரை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் அளக்கலாம். சுவரின் உள், நடு அடுக்குகளின் தடிப்பை அளக்கும் முறையை இத்தாலிய ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்டனர். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, சில நிமிட வேலை. எனவே இம்முறை பெரும் நம்பிக்கையை எழுப்பிற்று.

நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கொழுப்பளவு ஆகியவற்றை ஏற்கெனவே அறிந்திருந்தால், சுவர்த் தடிப்பு அதற்குமேல் சேர்க்கும் தகவல் சிறிதே என்று பின்னைய ஆய்வுகள் காட்டின. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2013-இல் இதனை வழக்கமான சோதனையாகப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் தடிப்பு வேறு, படிவு வேறு. சுவரில் ஓரிடத்தில் மட்டும் புடைத்து நிற்கும் படிவு, நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதற்குச் சான்று. இடர் நடுத்தரமாக உள்ளவர்க்கு மருந்து தொடங்கலாமா என்று மருத்துவர் தயங்கும் இடத்தில், இச்சான்று முடிவுக்குத் துணை செய்யும். கண்ணால் கண்ட படிவு, எண்ணால் சொன்ன இடரைவிட நோயாளியின் மனத்தில் ஆழப் பதியும் என்பதும் சிறிய பயனன்று.

2010-இல் தொடங்கிய தேசியத் தொற்றா நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழி, முப்பது வயது கடந்தோர்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கப்படுகின்றன. அழுத்தமானியை ஒதுக்கிவிட்டு மீயொலிக் கருவிக்குச் செலவிடுவது முறையாகாது. முன்னது சில ஆயிரம் ரூபாயில் அடங்குவது, பயிற்சி எளிது. முதற்சோதனையில் ஐயத்துக்குரியவராகத் தேறியவரை மாவட்ட மருத்துவமனையில் கழுத்துத் தமனிப் படத்துக்கு அனுப்புவதே பொருத்தமான வரிசை.

கருவியை வாங்கும் அலுவலர் மனத்தில் கொள்ளத்தக்க மற்றொன்றும் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறியும் தீச்செயலைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்டு, 2003-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அதற்குப் பயன்படக்கூடிய மீயொலிக் கருவி இருக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவு பெறாதோர்க்கு அதனை விற்கலாகாது. இதயத்துக்கென்றே வாங்கினாலும் இவ்விதி பொருந்தக்கூடும் என்பதால், கொள்முதல் ஆணைக்கு முன்னரே மாவட்ட உரிய அதிகாரியிடம் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இல்லையேல் கருவி பெட்டியிலேயே காத்துக் கிடக்கும்.