சீருடையைக் கழற்றினாலும் கடமை கழறாது



இந்த முறை நாம் படிக்கப் போகும் பாடம் வீதியைப் பற்றியது. நமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஓட்டோ ஓட்டுகிறார்கள். லொறியில் போகிறார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கடை வேலைக்குப் போய், பைக்கில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வீதி என்றால் வாகனம் உரசுவதும் வாய்த்தர்க்கம் வருவதும் நடக்கக்கூடியதுதான். ஆனால், உரசிய மற்ற வாகனத்தில் வந்தவர், "நான் பொலிஸ், எடு லைசன!" என்று சத்தம் போட்டால்? அவர் சாரமும் சேர்ட்டுமாக நிற்கிறார். லீவில் வீட்டுக்கு வந்தவராம். அப்போது நாம் என்ன செய்வது?

2024 நவம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகம் பகுதியில் ஒரு வீதி விபத்துக்குப் பிறகு, சிவில் உடையில் வந்த பொலிஸார் தங்களைத் தாக்கியதாக ஒரு குடும்பத்தினர் முறையிட்டார்கள். கைக்குழந்தையும் அவர்களோடு இருந்தது. யார் மேல் பிழை என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலை அல்ல. ஆனால், சீருடை இல்லாத பொலிஸ்காரருக்கு வீதியில் என்ன அதிகாரம் உண்டு, எங்கே அது நிற்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சட்டம் நாட்டுக்கெல்லாம் ஒன்றே. சுன்னாகத்துக்கு என்னவோ அதுதான் ஹட்டனுக்கும் பதுளைக்கும்.

லீவில் இருக்கும் பொலிஸ்காரருக்கு அதிகாரம் உண்டா?

உண்டு. இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். "நீங்க டியூட்டியில இல்ல, உங்களுக்குப் பேச உரிமையில்ல" என்று சொல்லிச் சண்டையை வளர்த்துவிடுகிறார்கள். அது பிழை. வெள்ளைக்காரன் காலத்தில், 1865ஆம் ஆண்டில் வந்த பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் எப்போதும் கடமையில் இருப்பவராகவே கருதப்படுவார். இலங்கையின் எந்தப் பகுதியிலும் அவருக்குப் பொலிஸ் அதிகாரம் உண்டு. இந்தியாவில் 1861இல் வந்த பொலிஸ் சட்டமும் 22ஆம் பிரிவில் இதையேதான் சொல்கிறது. ஆகவே, கண்ணெதிரே குற்றம் நடந்தால் லீவில் இருக்கிறேன் என்று அவர் பேசாமல் போகவும் முடியாது.

அப்படியானால் அவர் நினைத்ததைச் செய்யலாமா?

இல்லவே இல்லை. இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். அதே 56ஆம் பிரிவு அவருடைய கடமை என்னவென்றும் சொல்கிறது. குற்றங்களைத் தடுப்பது, அமைதியைக் காப்பது, குற்றம் செய்தவரை நீதியின் முன் கொண்டுவருவது. தன்னுடைய சொந்தச் சண்டையில் தானே நீதவானாகி, அந்த இடத்திலேயே தண்டனை கொடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. எப்போதும் கடமையில் இருப்பவர் என்றால், எப்போதும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றும்தான் அர்த்தம். "நான் பொலிஸ்" என்று சொல்லி ஒருவரைப் பிடித்து அடித்துவிட்டு, "அது என் சொந்த விஷயம், நான் லீவில் இருந்தேன்" என்று பிறகு நழுவுவது இலேசான காரியமல்ல.

கைது செய்யும்போது அவர் மீறக்கூடாத எல்லைகள் இவை:

1. எதற்காகக் கைது செய்கிறார் என்று சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும், நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையும் இதைச் சொல்கின்றன.

2. தப்பி ஓடாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் பலாத்காரம் கூடாது. பணிந்து நிற்பவரை அடிக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை.

3. சாதாரணமாக, கைதான ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயணம் செய்யும் நேரம் இதில் சேராது.

4. சித்திரவதை, மனிதத்தன்மையற்ற நடத்தை எதுவும் கூடாது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை இதை முற்றாகத் தடை செய்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக் குற்றத்துக்கு 7 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வீதியில் நாம் எப்படி நடப்பது?

முதலில் வாகனத்தை நிறுத்துங்கள். விபத்து நடந்த இடத்தை விட்டு ஓடினால், நம் பக்கம் நியாயம் இருந்தாலும் அது நமக்கு எதிராகத் திரும்பும். யாருக்காவது காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் மற்றப் பேச்சு.

எதிரில் நிற்பவர் பொலிஸ் என்று சொன்னால் பணிவாகக் கேளுங்கள்: "சேர், நீங்க எந்த ஸ்டேஷன்? உங்க பொலிஸ் அடையாள அட்டையக் கொஞ்சம் காட்டுவீங்களா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பொலிஸ் என்று பொய் சொல்லி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அட்டையைக் காட்டினால் பெயரையும் இலக்கத்தையும் மனதில் வையுங்கள். லைசனைக் காட்டுங்கள். பிழை யாருடையது என்று நடுவீதியில் வாதாட வேண்டாம். "சேர், ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போவோம், இல்லன்னா 119க்கு அடிச்சு ட்ராபிக் பொலிஸக் கூப்பிடுவோம்" என்று சொல்லுங்கள். தன் வழக்கில் தானே விசாரணை செய்பவரிடமிருந்து விஷயத்தை நடுவில் நிற்கும் ஒருவரிடம் கொண்டுபோக இதுவே நல்ல வழி.

லைசனை எடுத்துக்கொண்டால் அதற்குரிய தற்காலிகப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். தண்டப்பணத்தை வீதியில் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். கை நீட்டினால் திருப்பிக் கை நீட்ட வேண்டாம். தம்பிமாரே, ஒரு அடிக்குத் திருப்பி அடித்தால், பொலிஸ் கடமைக்கு இடையூறு செய்தான் என்ற வழக்கு உங்கள் மேல்தான் வரும். சுற்றி நிற்பவர்களில் இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

அடிபட்டுவிட்டால்?

அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டியதோடு விட்டுவிடாதீர்கள். "விழுந்துட்டேன்" என்று பயத்தில் பொய் சொல்லவும் வேண்டாம். யார் அடித்தார், எதனால் அடித்தார் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். வைத்தியர் எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான சம்பவம் சாட்சி. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். முதலில் அது வீதி விபத்து என்றே செய்தி வந்தது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்டது. அதன் பிறகு கடமையில் இருந்த ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டார்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை, விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். ஸ்டேஷனில் முறைப்பாட்டை ஏற்காவிட்டால், மேலதிகாரியான பொலிஸ் அத்தியட்சகரிடமோ தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ எழுத்தில் கொடுக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் உண்டு. அவசரத்துக்கு 1996 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம்.

ஒரு மாதம் என்பதை மட்டும் மறக்கவே வேண்டாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. "சம்பளம் வரட்டும், திருவிழா முடியட்டும்" என்று தள்ளிப் போட்டு உரிமையை இழந்துவிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

போராடினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2011இல் சுன்னாகம் பொலிஸ் காவலில் இருந்த ஒரு இளைஞர் இறந்தார். காலம் எடுத்தது. ஆனால் 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனில் வேலை செய்த பொலிஸார் சிலருக்குச் சித்திரவதைக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை விதித்தது.

நல்ல பொலிஸ்காரர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். லீவில் இருக்கும்போதும் விபத்தில் சிக்கியவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். 56ஆம் பிரிவு எதிர்பார்ப்பதும் அந்த மாதிரி ஆளைத்தான். இந்தப் பக்கத்தை லயத்தில் வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஓட்டோ வைத்திருக்கும் பிள்ளையிடம் இன்றைக்கே மூன்று கேள்வி கேளுங்கள்: பொலிஸ் என்று சொல்பவரிடம் முதலில் எதைக் கேட்பாய்? அடிபட்டால் எங்கே போவாய்? எத்தனை நாளுக்குள் முறையிடுவாய்? மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால், பாடம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.