உடைந்த இடத்தைப் படி

அன்புள்ள கயலுக்கு,

பிளாக்செயின் கற்க எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதிலும் சேராதே. போனில் விலை காட்டும் செயலி இருந்தால் அதையும் எடுத்துவிடு. நாள் முழுக்க விலையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது கடைசிவரை பிடிபடுவதில்லை.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த பிட்காயின் கட்டுரை மொத்தம் 9 பக்கம். அதிலிருந்து தொடங்கு. முதல் வாசிப்பில் பாதி புரியாது, பரவாயில்லை. பிறகு பைத்தானில் உன் பெயரை ஷா-256 என்ற ஹாஷ் சார்புக்குக் கொடு. 64 எழுத்தில் ஒரு விடை வரும். 'கயல்' என்பதில் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கொடுத்துப் பார். விடை அடியோடு மாறியிருக்கும். பிளாக்செயினில் கணக்குகளைத் தாங்கும் ஒவ்வொரு பிளாக்கும் தனக்கு முந்தைய பிளாக்கின் இதுபோன்ற விடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. பழைய கணக்கில் ஒருவர் கைவைத்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஏன் பொருந்தாமல் போகிறது என்பது அப்போது தானாக விளங்கும்.

அடுத்து, உடைந்தவற்றைப் படி. இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்கச் சொல்வேன். 2016 ஜூனில், எத்தீரியம் என்ற பிளாக்செயினில் 'தி டாவ்' என்ற ஸ்மார்ட் கான்ட்ராக்டிலிருந்து, அதாவது அந்தச் சங்கிலியில் தானே இயங்கும் ஒரு நிரலிலிருந்து, அதன் நாணயமான ஈத்தர் ஏறக்குறைய 36 லட்சம் உருவப்பட்டது. மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அந்த நிரல் பணத்தை முதலில் அனுப்பிவிட்டு, இருப்பை அதற்கப்புறம்தான் குறைத்தது. பணத்தை வாங்கிய திருடனின் கான்ட்ராக்ட், இருப்பு குறைவதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டது, கேட்டபோதெல்லாம் கிடைத்தது. முன்னால் வரவேண்டிய வரி பின்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்!

அடுத்த மாதமே எத்தீரியத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து, அந்தப் பணத்தை மீட்கும்படி சங்கிலியைப் பிரித்தார்கள். மறுத்தவர்கள் பழைய சங்கிலியிலேயே தங்கிவிட்டார்கள்; அதுதான் எத்தீரியம் கிளாசிக். மாற்றவே முடியாத பதிவேடு என்று யாராவது உன்னிடம் அடித்துச் சொன்னால் இதை நினைத்துக்கொள். அதைக் காப்பதில் கணிதத்துக்குள்ள பங்கு மனிதர்களின் சம்மதத்துக்கும் உண்டு.

சொந்தப் பணத்தை இப்போது இறக்காதே. இந்தியாவில் 2022 முதல் கிரிப்டோ காயின்களில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பழகுவதற்குச் செபோலியா என்ற சோதனை வலையமைப்பு போதும். அங்கே புழங்கும் ஈத்தர் வெறும் பயிற்சிக்குத்தான். டாவ் செய்த அதே தவறோடு ஒரு சின்ன கான்ட்ராக்ட் எழுதி அதில் ஏற்று. நீயே திருடு. பிறகு வரிகளை இடம் மாற்றி, திருட்டு நிற்கிறதா என்று பார்.

திருத்தி முடித்ததும் அதன் முகவரியை எனக்கு அனுப்பு. உடைக்க முடிகிறதா என்று நானும் முயல்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா