முட்டி ஜவ்வு கிழிந்தால்: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

புதுச்சேரிப் பக்கத்து அபிஷேகப்பாக்கம் மாதிரி ஊரில் முட்டி கெடுவதற்கு இரண்டு வழி உண்டு. இருபது வயதில் கபடி ஆடும்போது, ஊன்றிய கால் மண்ணில் நிற்க உடம்பு மட்டும் திரும்பிவிடும். ஐம்பதைத் தாண்டியபின் சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கும்போதோ, குந்தி உட்கார்ந்து களை எடுத்துவிட்டு எழும்போதோ உள்ளே ஏதோ பிசகும். இருவரும் வீட்டுக்கு வந்து சொல்வது ஒன்றுதான்: "ஜவ்வு கிழிஞ்சிருச்சு." ஆனால் இருவருக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜவ்வு என்று நாம் சொல்வதில் இரண்டு பொருள் அடங்கும். எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் கயிறு போன்ற தசைநார் ஒன்று. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தையாகக் கிடக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு மற்றொன்று. டாக்டர்கள் அதை மெனிஸ்கஸ் என்பார்கள். ஒவ்வொரு முட்டியிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. முட்டியில் இறங்கும் பாரத்தில் பாதிக்கும் மேல் இந்த மெத்தைகள் வழியாகத்தான் போகிறது. இங்கே பேசுவது இந்த மெத்தையைப் பற்றி. டாக்டர் "ஜவ்வு" என்றால், "எந்த ஜவ்வு?" என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

முதல் இரண்டு நாள்

அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். தசைநார் அறுந்ததா, எலும்பு விண்டதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். மெத்தை மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, மறுநாள் காலையில்தான் தெரியும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வையுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை போதும். கிரேப் பேண்டேஜ் சுற்றி, படுத்திருக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். சுளுக்கு எடுக்காதீர்கள். எண்ணெய் தடவி உருவுவது, இழுத்துவிடுவது, பத்தை வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். வீங்கிய முட்டியைத் திருகினால் சின்னக் கிழிசல் பெரிதாகும்.

மடங்கிய முட்டி பூட்டுப் போட்டதுபோல் நீட்ட முடியாமல் நின்றுவிட்டால் அது அவசரம். கிழிந்த துண்டு வாளியின் கைப்பிடி புரள்வதுபோல் புரண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். "நெல் அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

நம் பக்கத்துக்கு இதில் குறையில்லை. கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி. பாண்டிப் பக்கம் போனால் கதிர்காமத்தில் அரசின் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு வழியுண்டு. உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஆபரேஷன் அதில் அடங்குமா என்பதை, தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மெத்தை தெரியாது. அதற்கு டாக்டர் கையால் மடக்கித் திருப்பிப் பார்ப்பதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் வேண்டும். ஸ்கேன் சீட்டில் "கிழிசல்" என்று இருப்பதைப் பார்த்துப் பலர் நடுங்கிப்போகிறார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்காமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முட்டியை ஸ்கேன் செய்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ இல்லவே இல்லை. தலை நரைப்பதுபோல் மெத்தையும் வயதோடு இழை பிரிகிறது.

2013-இல் ஃபின்லாந்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. தேய்மானத்தால் மெத்தை கிழிந்த 35 முதல் 65 வயதுக்காரர்கள் 146 பேர். பாதிப்பேருக்குக் கிழிசலை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆபரேஷன் செய்வதுபோலவே எல்லாம் செய்து, மெத்தையைத் தொடாமல் விட்டார்கள். ஓராண்டு கழித்து இரு சாராருக்கும் நலம் ஒரே அளவில்தான் இருந்தது. ஐம்பது வயது அம்மாவுக்கு மெல்ல மெல்ல வந்த வலி என்றால், முட்டி பூட்டிக்கொள்ளாத வரை, முதலில் மூன்று மாதம் தொடைத்தசைப் பயிற்சி என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கபடிப் பையனின் கதை வேறு. அவன் மெத்தை நல்ல மெத்தை, திடீரென்று கிழிந்தது. மெத்தையின் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் கூடும். உள்விளிம்புக்கு ரத்தம் போவதில்லை. அங்கே கிழிந்ததைப் பெரும்பாலும் வெட்டிச் சீராக்கத்தான் முடியும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தைக்கப் போறீங்களா, வெட்டி எடுக்கப் போறீங்களா?" வெட்டினால் சீக்கிரம் நடக்கலாம். ஆனால் போன மெத்தை திரும்பாது. பின்னாளில் தேய்மானம் முந்திக்கொள்ளும். தையல் போட முடியும் என்றால், நாள் அதிகமானாலும் தையலையே கேளுங்கள்.

டென்னிஸ் வீரர் நோவக் ஜோகோவிச் 2024 ஜூன் 5 அன்று பாரிஸில் இதே மெத்தைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, ஜூலை 14 அன்று விம்பிள்டன் இறுதியாட்டத்தில் நின்றார். 39 நாள். அதைக் காட்டி நம் பையன்கள் அவசரப்பட வேண்டாம். உங்கள் நாள்கணக்கைச் சொல்வது உங்கள் கிழிசலும் தையலும்தான்.

வீட்டைத் தயார் செய்தல்

ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை எல்லோரும் எடுத்து வைப்பார்கள். வீட்டை யாரும் நினைப்பதில்லை. நம் வாழ்க்கை தரையில் நடக்கிறது: பாயில் படுக்கை, பந்தியில் சம்மணம், அரிவாள்மணை, கோலம், குந்தும் கக்கூஸ். முட்டி முழுதாக மடங்கும் இத்தனையும் ஆபரேஷனுக்குப் பின் சில வாரமோ சில மாதமோ நிற்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் முன்பே கட்டிலை இறக்கிப் போடுங்கள். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி ஒன்று வேண்டும். கக்கூஸில் வைக்க, நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை மருத்துவச் சாமான் கடையில் வாங்கலாம். கால்கள் வழுக்காதவையா என்று உட்கார்ந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையென்றால் வாசலிலிருந்து கொல்லை வரை சேறு. ஊன்றுகட்டையின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கட்டை பிடித்து நடக்க ஆபரேஷனுக்கு முன்பே பழகுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் நோவுள்ள காலும் முதலில்.

ஆபரேஷன் அன்று

சாப்பாடு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். பால் கலந்த டீ, காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை என்பது பொது வழக்கம். உங்கள் மயக்க மருத்துவர் சொல்வதே முடிவு. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சில நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். எந்தக் கால் என்று பேனாவால் குறி போடுவார்கள். நீங்களும் வாயால் சொல்லுங்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக வைப்பார்கள். இரண்டு மூன்று சின்னத் துளை, ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

அதன்பின்தான் உங்கள் வேலை

முதல் நாளிலிருந்தே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமலிருக்க அது உதவும். காலை நீட்டி, தொடைத்தசையை இறுக்கி, 5 எண்ணி விடுங்கள். பத்துப் பத்தாக ஒரு நாளில் பல முறை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், வைக்காதீர்கள். அப்படியே விட்டால் கால் முழுதாக நீளாது. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். தோலில் போட்ட தையலைப் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும்; அதுவரை காயத்தில் தண்ணீர் படக்கூடாது. காய்ச்சல், சீழ், முட்டி மேலும் சிவந்து சூடாவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. மூச்சுத்திணறலோ மார்வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

வெட்டி எடுத்தவர்கள் சில நாளில் கட்டையை விடலாம். நாலு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். மெத்தையில் தையல் போட்டவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் பிரேஸ். முட்டி 90 பாகைக்கு மேல் மடங்கக்கூடாது. காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்பதைச் சர்ஜன் சொல்வார். நான்கு மாதம் வரை குந்துதல் இல்லை. வலி போய்விட்டதே என்று இரண்டாம் மாதத்தில் குந்தியவர்களுக்குத்தான் தையல் விட்டுப்போகிறது. வலி போவது வேறு, கிழிசல் கூடுவது வேறு.

தினமும் பாண்டிக்குப் பஸ் ஏறிப் பிசியோதெரபிக்குப் போவது கிராமத்தில் நடக்கிற காரியமில்லை. வாரம் ஒருமுறை போங்கள். பயிற்சியாளரின் அனுமதியோடு அவர் செய்துகாட்டுவதை உங்கள் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்து, மீதி நாள் வீட்டில் செய்யுங்கள்.

மெத்தையில் தையல் போட்டவர் கபடிக்குத் திரும்ப ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். அதன்பிறகும், நோவுள்ள ஒற்றைக் காலில் குதித்தால் நல்ல காலின் தூரத்தை ஏறக்குறைய எட்ட வேண்டும். மறுநாள் வீக்கம் இருக்கக்கூடாது. வயலுக்குத் திரும்புபவர்கள் முதலில் வரப்பில் நடங்கள், பிறகு காய்ந்த நிலத்தில். சொர்ணவாரியோ சம்பாவோ நடவுச் சேறு கடைசியில்தான். சேற்றில் கால் புதைந்தால் திருகிப் பிடுங்காமல், குதிகாலை முதலில் தளர்த்தி, காலை நேராக மேலே எடுங்கள்.