முதியோருக்குத் துணையாகும் வாயில்லா ஜீவன்கள்

நமது கிராமங்களில் கால்நடைகளை வருமானத்தைக் கொண்டே மதிப்பிடுகிறோம். பசு எவ்வளவு கறக்கிறது, ஆடு என்ன விலைக்குப் போகும், கோழி எத்தனை முட்டையிடும் என்பனவே நம் கணக்கு. இக்கணக்கில் சேராத பயன் ஒன்றும் உண்டு. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பிராணிகள் மன ஆறுதலையும் உடல் நலத்தையும் தர வல்லவை. இதனைப் பிற நாட்டு மருத்துவர்கள் சோதித்து அறிந்துள்ளனர்.

இவ்வெண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநோயாளர் இல்லத்தில், முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வந்த காலத்தில், சிறு பிராணிகளைப் பேணும் பொறுப்பு அவர்களிடம் அமைதியை வளர்க்கும் என அவ்வில்லத்தார் நம்பினர். நீண்ட நாள் படுக்கையிலிருக்கும் நோயாளிக்குச் சிறு பிராணியொன்று நல்ல துணையாகும் என்று செவிலியர் பணியின் முன்னோடியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860 இல் எழுதினார்.

ஒரு சிற்றூரின் சோதனை

அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில் நியூ பெர்லின் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள சேஸ் நினைவு முதியோர் இல்லத்தில் 1991 இல் பில் தாமஸ் என்னும் இளம் டாக்டர் பொறுப்பேற்றார். சுமார் எண்பது முதியோர் அங்கே இருந்தனர். உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. எனினும் அவர்களிடம் உயிர்க்களை இல்லை. தனிமை, சலிப்பு, தம்மால் யாருக்கும் பயனில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றுமே அவர்களைப் பீடித்த நோய்கள் என அவர் கண்டார்.

இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு சிறு கிளிகள் ஆகியவற்றை அவர் இல்லத்திற்குள் கொண்டுவரச் செய்தார். கூண்டுகள் வருமுன்னரே பறவைகள் வந்து சேர்ந்துவிட்டன. ஊழியர்கள் அவற்றோடு பட்ட பாட்டைக் கண்டு முதியோர் நகைத்தனர். நாய் அசுத்தம் செய்தால் அதனைத் துடைப்பது யார் வேலை என்ற வாதமும் எழுந்தது. நாளடைவில் எல்லாம் சீர்ப்பட்டது. கிளிகள் அனைத்தையும் முதியோரே தத்தெடுத்துப் பெயரிட்டனர். நடமாட்டமின்றி ஒடுங்கியிருந்தவர்கள், நாயை உலாவ அழைத்துச் செல்கிறோம் என்று தாமே முன்வந்தனர். ஒத்த மற்றோர் இல்லத்தோடு ஒப்பிட்டபோது, இங்கு ஒருவருக்குத் தேவைப்பட்ட மருந்துச் சீட்டுகள் பாதியாயின. மரணங்கள் நூற்றுக்கு 15 வீதம் குறைந்தன.

அங்கே செடிகளும் தோட்டமும் குழந்தைகளின் வருகையும் சேர்ந்தே இருந்தன. ஆதலின் நற்பலன் அனைத்தையும் பிராணிகளின் கணக்கில் மட்டும் எழுதிவிடலாகாது. 1980 இல் வெளியான ஓர் ஆய்வில், இதய நோயிலிருந்து வீடு திரும்பியவர்களுள் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் ஓராண்டிற்குள் இறந்தனர். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. பிராணி மருந்துக்குத் துணையேயன்றி, மருந்துக்கு மாற்று ஆகாது.

காரணம் யாது?

பிராணிக்கு வேளை தவறாமல் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும். அதற்காக முதியவர் எழுந்து நடக்கிறார், குனிகிறார், நாள் கிழமையை நினைவில் வைக்கிறார். அதன்பொருட்டு அண்டை வீட்டாருடன் நாலு வார்த்தை பேசுகிறார். எல்லாவற்றிற்கும் மேலாக, பிறர் கையை எதிர்பார்த்திருந்தவர், தம் கையை ஓர் உயிர் எதிர்பார்த்திருப்பதை உணர்கிறார். இவ்வுணர்ச்சியே மருந்தாகிறது.

நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. தகப்பனாருக்கு வயதாகிவிட்டது, இனி அவர் ஓய்வெடுக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு வீட்டுப் பசுவை விற்றுவிடுகிறோம். அன்றோடு அவர் விடியற்காலையில் எழுந்திருக்கக் காரணம் இல்லாமற் போகிறது. பால் கறக்க இயலாதவர் தவிடு கலக்கலாம். அதுவும் இயலாதவர் இரண்டு கோழிகளுக்குத் தானியம் இறைக்கலாம். வேலையைக் குறையுங்கள், பொறுப்பை அடியோடு பறித்துவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

1. நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். கடியோ கீறலோ பட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைத் தடவலாகாது.

2. பிராணியைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுதலும், பாலைக் காய்ச்சிக் குடித்தலும் அவசியம்.

3. முரட்டு மாட்டின் கயிற்றை முதியவர் கையில் கொடுத்தல் தவறு. காலில் இடறும் குட்டிகளாலும் விழுந்து எலும்பு முறியக்கூடும்.

4. ஆஸ்துமா உள்ளவர்களும், புற்றுநோய் முதலியவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் டாக்டரைக் கேட்டே பிராணிகளுடன் பழகவேண்டும்.

5. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைத்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

6. விருப்பமில்லாதவர் மீது பிராணியைத் திணிக்கலாகாது. பிராணிக்கும் பசியும் நோவும் உண்டு என்பதை மறத்தலும் ஆகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு

ஒவ்வொரு வார்டிலும் தனித்து வாழும் முதியோர் யார், அவர்களிடம் உள்ள பிராணிகள் எவை என்று அங்கத்தினர் குறித்து வைக்கலாம். கால்நடை மருத்துவ முகாம் நடைபெறும் நாளில் அவர்களுடைய பிராணிகளை இளைஞர்கள் கொண்டுசென்று ஊசி போட்டு வரலாம்.

இன்னொன்று மிக முக்கியம். ஆட்டை யார் பார்ப்பார்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகாமலே நோயை முற்றவிடும் மூதாட்டியரை நமது ஒன்றியத்திலேயே கண்டிருக்கிறேன். அவர்கள் திரும்பி வரும்வரை அந்த ஆட்டைப் பேணும் பொறுப்பை அண்டை வீட்டார் ஒருவர் ஏற்குமாறு பஞ்சாயத்து ஏற்பாடு செய்தல் வேண்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை, தீர்மானமும் வேண்டியதில்லை. ஒரு கட்டுத் தழையும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுக்க மனமுள்ள ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தால் போதும்.