பழைய வேனும் இன்ஜின் கசடும்: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்



"கடைக்கு ஒரு பழைய வேன் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?" என்று நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. பெயிண்ட், டயர், பேட்டரி, ஆர்.சி. ஆகியவற்றை எல்லோரும் பார்த்து விடுகிறார்கள். இன்ஜினுக்குள் தேங்கிக் கிடக்கும் ஆயில் கசட்டைப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை. அதற்காக நான் கொடுத்த விலையையும், பிறகு அந்த இன்ஜினைப் பிரித்து வேலை செய்தபோது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது

2014 நவம்பரில் 68,000 ரூபாய்க்கு ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கினேன். அதே வாரம் வேறொரு ஆம்னி 90,000 ரூபாய்க்கு வந்தது. பில்களோடு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி. விலை அதிகம் என்று திரும்பி வந்துவிட்டேன். 22,000 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ச்சி.

வாங்கிய வண்டியின் ஆயில் மிகவும் கறுத்திருந்தது. "ஒரு மருந்து ஊற்றி இன்ஜினைக் கழுவி விட்டால் சுத்தமாகிவிடும்" என்றார் ஒரு மெக்கானிக். கழுவினோம், புது ஆயில் ஊற்றினோம். வண்டி நன்றாகவே ஓடியது.

ஜனவரியில் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, கடலூரிலிருந்து வெல்லம் ஏற்றி வந்துகொண்டிருந்தேன். அரியாங்குப்பம் வரும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டரில் கீழேயிருந்து சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். அடுத்த சில நிமிடங்களில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

வேறொரு பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். அங்கிருந்த பெரியவர் ஆயில் சம்ப்பைக் கழற்றி என் முன்னால் வைத்து, "அண்ணாச்சி, உங்கள் கடை எண்ணெய் டின் அடியில் மண்டி இருக்குமே, அதுதான் இது" என்றார். தார் போன்ற கறுப்புக் கசடு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலைக்கண்களைக் கசட்டுத் துண்டுகள் அடைத்திருந்தன. கழுவிய மருந்து கசட்டைக் கரைக்கவில்லை. பாதியைப் பெயர்த்து வலைக்குக் கொண்டு வந்து சேர்த்திருந்தது.

கசடு எப்படி உண்டாகிறது?

வடைக் கடையில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கறுத்து, தடித்து, சட்டியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். சூட்டிலும் காற்றிலும் பட்டு நாளடைவில் அதன் குணம் கெடுகிறது. அழுக்கைத் தன்னுள் தாங்கி வைத்திருக்கும் சேர்மானப் பொருள்கள் அதில் உண்டு. அவை தீர்ந்ததும் அழுக்கு அடியில் படிகிறது.

இதனுடன் தண்ணீரும் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறும் முன்பே இன்ஜினை நிறுத்தினால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். கசடு திரள இதுவே போதும்.

இங்கேதான் நம் ஊர்க் கடைக்காரரின் வண்டி மாட்டிக்கொள்கிறது. புல்வார்டு சாலைகளுக்குள் இருக்கும் பழைய புதுவை, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். கிடங்கிலிருந்து பெரிய மார்க்கெட், அங்கிருந்து கடை, பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு டெலிவரி. ஒவ்வொரு இடத்திலும் இன்ஜினை அணைத்து அணைத்துப் போடுகிறோம். கிலோமீட்டர் குறைவாக ஓடுவதால் ஆயில் மாற்றும் நாளும் தள்ளிப்போகிறது. "ஊருக்குள்ளேயே ஓடிய வண்டி, கிலோமீட்டர் குறைவு" என்று விற்பவர் சொன்னால் அதை நாம் நற்சான்றாக எடுத்துக்கொள்கிறோம். கசடு விஷயத்தில் அது எச்சரிக்கை.

ஆம்னிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1984-இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்று, 2019 வரை தயாரான இந்த வண்டியில் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். அந்தச் சோம்பலிலேயே பலரும் டிப் ஸ்டிக்கைத் தொடாமல் மாதக்கணக்கில் ஓட்டி விடுகிறோம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 1997 முதல் 2002 வரை அமெரிக்காவில் விற்ற சில டொயோட்டா இன்ஜின்களில் ஆயில் களிம்பாகத் திரண்டது. நேரத்துக்கு ஆயில் மாற்றாததே காரணம் என்றது நிறுவனம். வடிவமைப்பே காரணம் என்றனர் வாங்கியவர்கள். சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு இந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை எட்டு ஆண்டுகளாக நீட்டித்து 2002-இல் டொயோட்டா அறிவித்தது. பழைய வண்டி வாங்கும் நமக்கு உத்தரவாதம் தர யாரும் இல்லை. நாமே பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள்.

2. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறப் பூச்சு இருந்தால் பயமில்லை. விரலால் வழிக்கும் அளவுக்குக் கறுப்புப் பசை இருந்தால் கசடு. மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற வெளுத்த நுரை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம். ஹெட் கேஸ்கட் போயிருக்கவும் கூடும். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று விசாரியுங்கள்.

3. சாவியைத் திருப்பியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையோ வயரையோ கழற்றியிருக்கலாம். அரைமணி ஓட்டிய பின், ஐட்லிங்கில் விளக்கு மினுக்கினால் ஆயில் அழுத்தம் போதவில்லை.

4. ஓடும் வண்டியின் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வருகிறதா என்று பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. உங்கள் மெக்கானிக்கை அழைத்துச் சென்று கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

கழுவலாமா, பிரிக்கலாமா?

மூடியின் கீழே மெல்லிய கறுப்புப் பூச்சு மட்டும் இருந்து, சத்தமோ விளக்கு மினுக்கலோ இல்லாவிட்டால் பிரிக்கத் தேவையில்லை. நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு 1,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். இப்படி மூன்று முறை செய்யுங்கள். ஆயிலே மெதுவாகக் கழுவிவிடும்.

விரலில் வழிக்கும் அளவுக்குக் கசடு இருந்தால் மருந்தும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். சம்ப்பையும் மேல் மூடியையும் கழற்றி, கசட்டைக் கையால் வழித்து, ஸ்ட்ரெய்னரைப் புதிதாக மாற்ற வேண்டும்.

அடியில் தட்டும் சத்தம் வந்துவிட்டால் முழுவதும் பிரிப்பது ஒன்றே வழி.

பிரித்து வேலை செய்யும்போது

இன்ஜினைப் பிரிப்பது மெக்கானிக்கின் வேலை. ஆனால் கூலி கொடுப்பவருக்கு எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, அடையாளம். பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங் மூடிகள் ஒவ்வொன்றும் எந்தச் சிலிண்டரிலிருந்து, எந்தப் பக்கம் பார்த்து வந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றிப் போட்டால் புது பேரிங்கும் நிலைக்காது.

இரண்டாவது, அளவு. கிராங்க் ஷாஃப்டை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். கோடு விழுந்திருந்தாலோ முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தாலோ 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். என் வண்டிக்கு அப்படித்தான் ஆயிற்று. கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் இடைவெளி தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம்தான் இன்ஜினைத் தாங்குகிறது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து பெரிய அளவுப் பிஸ்டன், ரிங் போட வேண்டும். தேயாமலிருந்தால் வீணாக ரீபோர் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஆயில் பாதைகள். பலரும் விட்டுவிடும் வேலை இது. பிளாக்குக்குள்ளும் கிராங்க்குக்குள்ளும் பென்சில் கனத்தில் துளைகள் ஓடுகின்றன. கடைசல் முடிந்ததும் அவற்றின் அடைப்பான்களைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்து, சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, உடனே ஆயில் தடவ வேண்டும். உள்ளே சிக்கியிருக்கும் பழைய கசடும் கடைசல் தூளும் புது பேரிங்கை ஒரே வாரத்தில் தின்றுவிடும். "பாதையை பிரஷ் விட்டுத் தேய்த்தீர்களா?" என்று கேளுங்கள். முடிந்தால் அன்று பட்டறையில் நில்லுங்கள்.

நான்காவது, புதிதாகப் போட வேண்டியவை. ஆயில் பம்ப், ஸ்ட்ரெய்னர், ஃபில்டர், எல்லா கேஸ்கட், ஆயில் சீல், வால்வு சீல், டைமிங் பெல்ட். பிரீதர் குழாயையும், பி.சி.வி. வால்வு இருந்தால் அதையும் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். மூச்சுவிடும் வழி அடைத்திருந்தால் புது இன்ஜினிலும் கசடு சேரும். சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் சமன் செய்து, வால்வுகளைப் படியவைக்க வேண்டும்.

ஐந்தாவது, முறுக்கு. ஹெட் போல்டும் பேரிங் போல்டும் கையளவில் முறுக்குவதற்கு அல்ல. டார்க் ரெஞ்சு வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு, அதில் சொன்ன வரிசையில் முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சு இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆறாவது, முதல் ஸ்டார்ட். பற்றவைப்பை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டர் வரை முழுப் பாரம் ஏற்றாதீர்கள்.

கணக்கு

நாம் வணிகர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி விலை 68,000. உதிரிப்பாகம், லேத், கூலி எல்லாம் சேர்த்து 34,000. பன்னிரண்டு நாள் வாடகை டெம்போ, நாளுக்கு 800 வீதம் 9,600. ஆக மொத்தம் 1,11,600 ரூபாய். விலை அதிகம் என்று நான் விட்டுவந்த வண்டியைவிட 21,600 கூடுதல். பொங்கலுக்குச் சரக்கு நேரத்துக்கு வராமல் அடுத்த கடைக்குப் போன வாடிக்கையாளர்களைப் பேரேட்டில் எழுத இடமில்லை. அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. இவை அன்றைய விலைகள், இன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வண்டி விலையுடன் இன்ஜின் வேலைச் செலவையும் வண்டி நிற்கும் நாட்களின் வாடகையையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு நல்ல வண்டி கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். கசடு இருந்தும் வாங்குவதானால், விற்பவரிடம் மூடியைத் திறந்து காட்டி வேலைச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

ஆவணங்களிலும் கவனம் வேண்டும். 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குத் தகுதி பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வேறு இன்ஜின் மாற்றினால் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். சரக்கு ஏற்றுவதற்கு ஏற்ற பதிவும் காப்பீடும் உள்ளனவா என்று போக்குவரத்துத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கசடு சேராமலிருக்க

ஊருக்குள் ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்தியதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கடன் நோட்டு போல ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வாரம் ஒருமுறை வில்லியனூர் வரையாவது போய்த் திரும்பினால் இன்ஜின் சூடேறி ஈரம் போகும். திங்கள்தோறும் கடை திறக்கும் முன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல், மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அரியாங்குப்பத்தில் நான் நிறுத்தியிருந்தால் ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்வதோடு போயிருக்கும். கிராங்க்கைக் கடைய வேண்டி வந்திருக்காது. அந்த வண்டி இன்றும் என் கடையில்தான் ஓடுகிறது. விளக்கு மினுக்கினால் என் மகன் என்னைக் கேட்காமலே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவான்.