கட்டையின் கனமும் நாதமும்

"எத்தனை கட்டையில் பாடுகிறீர்கள்?" என்று நம் பக்கத்து மேடைகளில் கேட்பதுண்டு. அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைதான். மேனாட்டார் 'சி' என்பது நமக்கு ஒரு கட்டை. 'ஜி' என்பது ஐந்து கட்டை. இடையில் வரும் கறுப்புகளுக்கு ஒன்றரை, நாலரை என்று பெயர். விரல் படும் மரத்துண்டின் பெயரே சுருதிக்கும் பெயராகிவிட்டது. இக்கட்டுரையில் நான் ஆராயப் புகுவதும் அந்தக் கட்டையையே. ஆயின் ஆர்மோனியக் கட்டையை மட்டுமன்று, இன்று மேடையேறியுள்ள மின்னணுப் பியானோவின் கட்டையையும் சேர்த்து.

இதற்குக் காரணம் என் தாய்மாமா. சங்ககிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் முதலில் கூத்துக்கும், பின்னர்க் கல்யாணக் கச்சேரிகளுக்கும் பெட்டி வாசித்து வருபவர். அவர் குழுவினர் சீட்டுப் போட்டு 40,000 ரூபாய் சேர்த்திருந்தனர். "மாப்ள, நம்ம சனத்துலயே காலேஜுப் படி மிதிச்சவன் நீ ஒருத்தன்தான். அதும் பிசிக்ஸு படிக்கற. எதை வாங்கறதுன்னு நீயே சொல்லு" என்றார். பரீட்சையில் தவறாக எழுதினால் மதிப்பெண் போகும். இங்கே தவறாகச் சொன்னால் ஆறு குடும்பத்தின் பணம் போகும்.

ஆர்மோனியத்தில் கட்டை என்பது ஒரு கதவுதான். அழுத்தினால் திறக்கும், துருத்திக் காற்று உலோக நாக்கை அதிரச் செய்யும். மெல்ல அழுத்தினாலும் குத்தி அழுத்தினாலும் ஒலி மாறாது. ஏற்றமும் இறக்கமும் துருத்தி போடும் இடக்கையில் இருக்கின்றன. (கமகம் பேசாது என்று குறை கூறி அகில இந்திய வானொலி இதனை 1940இல் விலக்கி, 1971 வரை தள்ளியே வைத்திருந்தது. கூத்து மேடை அப்படித் தள்ளவில்லை.) பியானோவோ நேர்மாறானது. 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் கிறிஸ்டோபோரி என்பார் அமைத்த இக்கருவியின் பெயருக்கே மெலிது, வலிது என்றுதான் பொருள். கட்டையை அழுத்தினால் கம்பளி சுற்றிய சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். அடியின் வேகமே ஒலியின் அளவு.

மின்னணுப் பியானோவில் கம்பியும் இல்லை, காற்றும் இல்லை. கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. ஒன்று முதலிலும் மற்றது சற்றுப் பின்னும் தொடும். அந்த இடைவெளி நேரத்தைக் கருவி அளந்து, 1 முதல் 127 வரை ஓர் எண் கொடுக்கிறது. 'மிடி' என்னும் இந்த எண் முறை 1983 முதல் வழக்கிலுள்ளது. எனவே நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது கருவிக்குத் தெரியாது. எவ்வளவு விரைவாக என்பதுதான் தெரியும்.

அப்படியானால் கட்டைக்குக் கனம் எதற்கு? இதனை அறியச் சேலத்தில் ஒரு கடைக்குச் சென்றேன். கையில் ஐந்து ரூபாய்க் காசுகள். 2011இல் வந்த மஞ்சள் நிறக் காசு 6 கிராம் எடையுள்ளது. கட்டையின் அகலத்துக்கும் பொருந்தும். கடைக்காரர் பொறுமைசாலி.

61 கட்டைகள் கொண்ட சாதாரணக் கீபோர்டில் 9 காசு வைத்ததும் கட்டை இறங்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. அடியைத் தொட 13 காசு ஆயிற்று. வில்சுருள் அழுந்த அழுந்த எதிர்ப்பது வகுப்பில் படித்ததுதானே. 88 கட்டைப் பியானோவில் 10 காசு வைத்ததும் தயங்கித் தயங்கி ஒரே சீராக அடிவரை இறங்கியது. இடக்கோடியில் 11, வலக்கோடியில் 9. உள்ளே வில்லுக்குப் பதில் நிஜச் சுத்தியல் போன்ற எடைகள் இருப்பதால் இப்படி.

ஆனால் காசு சொல்லாத ஒன்றை விரல் சொல்லிற்று. காசு அளப்பது எடையை மட்டுமே. விரல் நிலைமத்தையும் உணர்கிறது. இலேசான கட்டையில் விரல் சிறிது பிசகினாலும் வேகம் வெகுவாக மாறிவிடும். கனமான சுத்தியல் அந்தப் பிசகை உள்வாங்கிச் சமன் செய்கிறது. மெல்ல வாசிக்க நினைத்தால் மெல்லவே வருகிறது. அன்று அரைமணி நேரம் அந்தப் பியானோவை விட்டு எழ எனக்கு மனமில்லை.

நாதத்திலும் வேற்றுமை உண்டு. நிஜப் பியானோவில் பலமாக அடித்தால் ஒலி பெரிதாவதோடு மேற்சுரங்களும் மிகுந்து கூர்மையாகும். நல்ல கருவிகள் மெலிதாகவும் வலிதாகவும் தனித்தனியே பதிவு செய்த ஒலிகளை வைத்திருக்கின்றன. மலிவானவை ஒரே பதிவைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. ஒரே கட்டையை மெல்லவும் ஓங்கியும் தட்டிக் கேட்டால் யாரும் கண்டுகொள்ளலாம்.

எடையையும் சொல்லவேண்டும். யமஹா பி-45 என்னும் 88 கட்டைப் பியானோ 11.5 கிலோ, மேடைக்கென்றே செய்த சிபி-88 என்பது 18.6 கிலோ. 61 கட்டைக் கீபோர்டுகளில் 5 கிலோவுக்குள்ளேயே கிடைக்கின்றன.

அடுத்த ஞாயிறு மாமாவையும் அழைத்துச் சென்றேன். பியானோவில் ஒரு விருத்தத்துக்குரிய சுரத்தைப் பிடித்தார். ஒலி எழுந்து, தேய்ந்து, மறைந்தது. அவர் இடக்கை தானாகவே பின்னால் சென்று துருத்தியைத் தேடியது. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பாடகர் இழுக்கும்போது கூடவே இழுத்து நிற்பதுதான் அவருடைய வேலை. தட்டியபின் தேயும் நாதம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அவருக்குத் துணையாகாது.

"61 கட்டை போதுங்க மாமா. ஆர்கன் ஒலி வெச்சுக்குங்க; ஒலியைக் கூட்டிக் குறைக்கக் காலுக்கு ஒரு பெடல் வாங்கிக்கலாம், அதுதான் உங்க துருத்தி" என்றேன்.

"அப்ப அந்தப் பெரிய பெட்டி?"

"அது எனக்குப் புடிச்சதுங்க மாமா. குழுவுக்கு வேண்டாம்."

அவ்வாறே வாங்கினார்கள். மீதிப் பணம் குழுவிடமே இருக்கிறது. மாமா இப்போது பெடல் பழகுகிறார். காலால் தாளம் போடுவது அவருடைய வெகுநாள் வழக்கமாதலால், தாளத்துக்குத் தாளம் ஒலியும் எகிறி எகிறி விழுகிறது.